கொக்கியில் இரண்டு கோட்டுகள்

எங்கள் கப்பலில் ஏறும் பயணி அறைக் கதவைத் திறந்ததும் கடலைப் பார்ப்பதில்லை. கட்டிலைத்தான் பார்க்கிறார். வெள்ளை விரிப்பின் மேல் ஒரு சிவப்புக் கோட்டு கை விரித்துக் கிடக்கும். தென்துருவம் போகிறவர்களுக்குக் கம்பெனி தரும் பரிசு. அவர்கள் கொடுத்த கட்டணத்துக்குக் கோட்டு என்ன, ஒரு படகையே கட்டிக் கொடுத்து அனுப்பலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. நான் சலவை அறைக்காரன், பெயர் ரொனிலோ. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், மூன்று சலவை இயந்திரங்களோடு பன்னிரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவன்.

அந்தக் கோட்டுகளை விரித்து வைத்தவள் மனாங் டெல்ஃபா. மனாங் என்றால் எங்கள் ஊரில் அக்கா. எனக்கு மட்டுமல்ல, கப்பலில் வேலை செய்த அறுபது பேருக்கும் அவள் அக்காதான். அவள் என்னைத் 'தோதோ' என்பாள், அதாவது தம்பி. என் தலையில் கறுப்பு முடியைத் தேட வேண்டியிருந்த காலத்திலும் நான் அவளுக்குத் தோதோதான்.

டெல்ஃபா சுமாகைசாய். பிலிப்பைன்ஸில் இலோய்லோ பக்கம் மியாகாவ் என்ற மீன்பிடி ஊர். ஐம்பத்தெட்டு வயது. உயரம் ஐந்தடி என்று சொல்லிக்கொள்வாள், நாங்கள் நம்பியதில்லை. நவம்பரில் உஷுவாயா துறைமுகத்தில் ஏறினால் மார்ச் கடைசியில்தான் இறங்குவோம். அப்படிப் பதினாலு பருவம் இரண்டாம் தளத்து அறைகள் பதினொன்றையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். 'ஆர்லினா' பழைய ஆராய்ச்சிக் கப்பல். அரண்மனை ஒன்றும் இல்லை. ஆனாலும் டெல்ஃபா கை பட்ட அறையில் படுத்தவர்கள் வீட்டுக்குப் போனபிறகு தங்கள் சொந்தக் கட்டிலைத் திட்டியிருப்பார்கள். கடல் கொந்தளிக்கப் போகிறது என்றால் காப்டன் அறிவிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். மேசைமேல் கண்ணாடிக் குவளைகளை எடுத்து ஈரத்துணியில் சுற்றி இழுப்பறையில் படுக்க வைப்பாள். இழுப்பறைத் தாழ்ப்பாளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் உயிர்காப்பு அங்கியைச் செருகிவிடுவாள். தூங்குகிற ஆள் சுவர்ப் பக்கம்தான் உருளுவாரே தவிர, தரைக்கு வரமாட்டார்.

அதற்கப்புறம் அந்த வட்ட ஜன்னல்கள். கடலைக் கடந்து வந்ததும் கண்ணாடியில் உப்பு தடிப்பாகப் படிந்திருக்கும். பயணிகள் காலை உணவுக்குப் போன நேரத்தில் அவள் வினிகரும் துணியும் கொண்டு துடைப்பாள். துடைக்கத் துடைக்க வெளியே பனிமலை தெரிய ஆரம்பிக்கும். அண்டார்டிகாவை அவள் பார்த்ததெல்லாம் இப்படித்தான், கையில் ஒரு துணியோடு, அடுத்தவர் அறையில் நின்றுகொண்டு.

கால் வைத்ததில்லை. பதினாலு பருவத்தில் ஒரு தடவைகூட இல்லை.

இதைக் கேட்டால் பயணிகள் நம்பமாட்டார்கள். "நீ எவ்வளவு குடுத்து வெச்சவ! வருஷா வருஷம் இங்க வர்ற!" என்று கரையிலிருந்து வந்த சூட்டோடு அவளிடமே சொல்வார்கள். அவள் ஈரச் சாக்ஸை வாங்கிச் சூட்டுக்கம்பியில் போட்டுக்கொண்டே, "ஆமா மேடம்" என்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சாக்ஸ் அடுத்து என்னிடம்தானே வரும். கொஞ்சம் அழுத்தியே பிழிந்திருக்கிறேன்.

வேலைக்காரர்கள் கரைக்குப் போகவே முடியாது என்றில்லை. ஒவ்வொரு பருவத்திலும் கடைசிப் பயணத்தின் கடைசிக் கரையில், பயணிகள் எல்லோரும் திரும்பிவிட்டு நேரமும் காற்றும் ஒத்துழைத்தால், எங்களுக்கென்று ஒரு ரப்பர் படகு விடுவார்கள். பன்னிரண்டு பேர் போகலாம். யார் யார் என்பதற்குச் சோற்றுப் பானைதான் நீதிபதி. பெயர்களைச் சீட்டில் எழுதி, கழுவிய பானையில் போட்டு, சமையல்காரர் கரண்டியால் கிண்டி எடுப்பார். முதல் பருவத்து ஆட்களுக்குச் சீட்டு வேண்டாம், நேராக இடம் உண்டு. கடைசிப் பருவம் என்று வேலையை விட்டுப் போகிறவர்களுக்கும் அப்படியே.

முதல் பருவத்தில் டெல்ஃபா பூட்ஸ் மாட்டி வரிசையில் நின்றபோது, அவள் பொறுப்பிலிருந்த ஓர் அறையின் குளியலறை வெள்ளக்காடானது. இறங்கி ஓடினாள். அதற்கப்புறம் சில வருஷம் சீட்டு விழவில்லை, சில வருஷம் காற்று விடவில்லை. சீட்டு விழுந்த இரண்டு முறையும் கொடுத்துவிட்டாள். ஒரு முறை, வீட்டில் சாவு விழுந்தும் போக முடியாமல் அழுதுகொண்டிருந்த பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு. இன்னொரு முறை எனக்கு. "அந்தப் பொந்துக்குள்ளயே கெடக்கற, போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாடா" என்றாள். நான் வெட்கமில்லாமல் போனேன். பெங்குவின் ஒன்று என் பூட்ஸைக் கொத்தியதைத் திரும்பி வந்து அவளிடம் நடித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

சாப்பாட்டு அறையில் அவளைச் சீண்டாத ஆள் கிடையாது.

"மனாங் வராங்கன்னு தெரிஞ்சா அண்டார்டிகாவே லீவு போட்டுடுது" என்பான் ஜுன்ரே, ஏணிப்படியில் நின்று ஆட்களைப் படகில் இறக்கிவிடும் மாலுமி.

"நான் இறங்கினா அந்தப் பனியெல்லாம் கூட்டிப் பெருக்கி மடிச்சு வெச்சுடுவேன்னு அதுக்குப் பயம்டா" என்பாள் அவள், கருவாட்டை வினிகரில் தொட்டுக்கொண்டே.

சிரிப்பாள். ஆனால் அவளுக்குள் ஒரு முள் இருந்தது எனக்கு மட்டும் தெரியும். அந்த முதல் பருவம் முடிந்து ஊருக்குப் போனபோது, மகள் படித்த பள்ளிக்கூடத்தில் அவளைக் கூப்பிட்டு மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். ஊரிலிருந்து தென்துருவம் போன முதல் ஆள் அல்லவா! முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து, "அங்க தரையில கால் வெச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறது. குளியலறையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன் என்று நூறு பிள்ளைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? "கெட்டியா இருக்கும். ஐஸ்ல வெச்ச மீன் மாதிரி சில்லுனு, கெட்டியா" என்று சொல்லிவிட்டாள்.

அதோடு விட்டதா? தலைமையாசிரியை வருஷம் தவறாமல் கூப்பிட்டார். வருஷம் தவறாமல் இவளும் போய் அதே பொய்யைச் சொன்னாள். மகள் வளர்ந்து, கல்யாணமாகி, அவள் பிள்ளையும் அதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாயிற்று.

"சும்மா ஒரு பேச்சு மனாங். இதுக்குப் போயா?" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"ஒரு தடவ சொன்னா பேச்சு. பதிமூணு தடவ சொல்லிட்டேன்டா. எனக்கே எது நெசம்னு மறந்துடுமோன்னு பயமா இருக்கு. ஒரே ஒரு தடவ கால வெச்சுட்டா போதும். மிச்சமெல்லாம் நெசமாயிடும்."

கடந்த வருஷம் மணிலாவில் மருத்துவச் சோதனையில் அவள் முட்டியையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு பருவத்துக்குத்தான் தகுதிச் சான்று கொடுத்தார்கள். ஆக, இந்த மார்ச் மாதம்தான் கடைசிப் பயணம். கடைசிப் பருவத்து ஆளுக்குச் சீட்டும் வேண்டாம், பானையும் வேண்டாம். படகில் முதல் இடம் அவளுக்கு. அதைக் கெடுக்க உலகத்தில் எதுவும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அந்தப் பயணத்தில் இருநூற்றுப் பதினாலாம் அறைக்கு வந்தவர் லேனர். ஆஸ்திரியா நாட்டில் கிராட்ஸ் நகரத்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், எண்பதைத் தொட்ட மனிதர். இரண்டு பேருக்கு அறை எடுத்திருந்தார், ஒருவராக வந்தார். மனைவி ட்ரவ்டி பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு காலமாகிவிட்டாள். முன்பதிவில் அந்தப் பெயரை யாரும் நீக்கவில்லை. டெல்ஃபாவுக்குக் கிடைத்த பட்டியலில் இரண்டு பெயர். அவள் இரண்டு கட்டிலிலும் இரண்டு கோட்டை விரித்து வைத்தாள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

அவர் கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டாராம். அவள் பதறிப்போய்ச் சின்னக் கோட்டை எடுக்கப் போக, அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"வேண்டாம்மா. இருக்கட்டும். அவளுக்குச் சிவப்பு புடிக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அறைக் கொக்கியில் இரண்டு கோட்டுகள் தொங்கின. அவர் வெளியே போனால் சின்னது மட்டும் தொங்கும், உள்ளே இருந்தால் இரண்டும் தொங்கும். தினமும் இரண்டாவது கட்டிலையும் டெல்ஃபா புதிதாக விரித்தாள். யாரும் படுக்காத விரிப்பு கசங்காது என்பது அவளுக்குத் தெரியாதா? நான் கேட்டேன். "உனக்கு ஒரு விரிப்பு கூடுதலாத் தொவைக்க அவ்வளவு கஷ்டமா?" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

மனிதர் நேரம் தவறாதவர். நாற்பது வருஷம் டிராம் ஓட்டியவர் வேறெப்படி இருப்பார்! ஒவ்வொரு கரையிலும் முதல் படகில் போய், திரும்பும் முதல் படகில் வந்துவிடுவார். தேநீர் மூலையில் ஒரு குவளை, இரண்டு பிஸ்கட், நூலக அறையில் பாதி அடுக்கிக் கிடக்கும் படப்புதிரில் ஒரு துண்டு, அப்புறம் அறையில் குட்டித் தூக்கம். ஒரே ஒரு குறைதான். வில்லையைத் திருப்ப மறந்துவிடுவார்.

வில்லைப் பலகை ஏணிப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொருவர் எண்ணும் ஒரு வில்லையில் தொங்கும், ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. கரைக்குப் போகும்போது சிவப்பு, திரும்பி வந்ததும் நீலம். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். வங்கி நடத்தியவர்களுக்கும் மூளையை அறுத்துத் தைத்தவர்களுக்கும் புரியவே புரியாது. தினமும் நாலைந்து வில்லை சிவப்பாகவே நிற்கும், ஆட்கள் மேலே நீராவி அறையில் வேர்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது அறைப் பணியாளர்களைத்தான் ஓட விடுவார்கள். போய்த் தேடு, முகத்தைப் பார், பிறகு வில்லையைத் திருப்பு. முகம் பார்க்காமல் அடுத்தவர் வில்லையைத் தொடாதே. கப்பலில் ஏறும் முதல் நாள் எங்களுக்குச் சொல்லித் தரும் சட்டம் இது. பலகை முழுக்க நீலமானால்தான் எல்லோரும் திரும்பியாயிற்று என்று கரையை மூடுவார்கள்.

லேனரின் எண் நாற்பத்தேழு. அந்தப் பயணத்தில் ஆறு கரை. ஐந்து முறை அந்த வில்லையை நீலமாக்கியது டெல்ஃபாதான், ஐந்து முறையும் நூலகத்திலோ அறையிலோ அவர் முகத்தைப் பார்த்துவிட்டு.

கடைசிக் கரைக்கு முந்தின நாள் அவர் கோட்டுப் பித்தானை இவள் தைத்துக்கொண்டிருந்தபோது, நாளைக்குத் தானும் இறங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். எத்தனை வருஷம் கழித்து என்பதையும் சொல்லியிருக்கிறாள். அவர் எழுந்து போய்ச் சின்னக் கோட்டை எடுத்து அவள் தோளில் வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

"இத போட்டுட்டுப் போம்மா. இந்தக் கோட்டாவது கரையில இறங்கட்டும்" என்றார்.

இதை அன்று ராத்திரி டெல்ஃபா என்னிடம் சொன்னாள். இஸ்திரி மேசை ஓரத்தில் நின்று அங்கே கிடந்த ஒரு விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஒருத்தி வர முடியாமப் போயிட்டா, ஒருத்தி வந்தும் இறங்க முடியல. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கோட்டு போதும்போல இருக்குடா" என்றாள்.

மறுநாள் காற்றே இல்லை. கடல் அசையாமல் கிடந்தது. பயணிகள் காலையில் இறங்கி, பகல் ஒன்றரை மணிக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். பயணத் தலைவி இனெஸ், உஷுவாயாக்காரி, கறாரான பொம்பளை. வானிலைக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "மூணு மணிக்கு மேல காத்து வருது. பலகை நீலமான உடனே உங்க படகு. நாப்பது நிமிஷம், அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது" என்றாள்.

டெல்ஃபா பதினொரு அறைகளையும் ஓட்டமாய் ஓடி முடித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். இருநூற்றுப் பதினாலில் கோட்டை எடுக்கப் போனபோது குளியலறைக் கதவு மூடியிருந்தது. அவருக்குத் தூங்கும் நேரமாயிற்றே, குளித்துவிட்டுப் படுப்பாராயிருக்கும் என்று, "லேனர் சார், கோட்டு எடுத்துக்கறேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கொக்கியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏணிப்படிக்கு வந்தால் நாங்கள் பதினொரு பேர் இரவல் பூட்ஸ் மாட்டித் தயாராக நிற்கிறோம். பலகையில் ஒரே ஒரு சிவப்பு, நாற்பத்தேழு. டெல்ஃபா போகிற போக்கில் அதைத் தட்டித் திருப்பினாள். தூசி தட்டுகிற மாதிரி. அவள் கைக்கு அது பழகிப்போன வேலை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

பலகை முழுக்க நீலம். இனெஸ் ரேடியோவில் கரைக்குச் சொன்னாள். அங்கே நின்ற வழிகாட்டிகள் இரண்டு பேரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். தொண்ணூறு பேரை அவர்கள் முகம் முகமாக எண்ண முடியாது, அவர்களுக்கும் பலகைதான் கணக்கு.

"மனாங் டெல்ஃபா, முதல்ல வாங்க! இன்னிக்கு அண்டார்டிகா தப்பிக்க முடியாது!" என்று ஜுன்ரே கையை நீட்டினான். எல்லோரும் கை தட்டினோம். அந்தச் சிவப்புக் கோட்டில் அவள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி இருந்தாள். படியில் இறங்கினாள். ஒரு கால் படியில், ஒரு கால் படகுக்கு நேராகக் காற்றில்.

அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன மனாங்?" என்றேன், பின்னால் நின்ற நான்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "தோதோ, கொக்கியில ஒரு கோட்டுதான்டா இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "நான் இத எடுத்தேன். எடுத்ததும் கொக்கி காலியாயிடுச்சு. அவர் கோட்டு இல்ல. அவர் வரல."

எனக்கு உடனே புரிந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. இப்போது இதைச் சொன்னால் படகு தேடப் போகும், காற்று வரும், எங்கள் நாற்பது நிமிஷம் போயிற்று. அவளுக்கு இன்னொரு பருவம் கிடையாது. அந்த நொடியில் நான் சொன்னதை இன்றுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

"வாயத் தொறக்காத மனாங். நாமளும் அதே கரைக்குத்தானே போறோம்? அஞ்சு நிமிஷம். நீ இறங்கு, கால வை. அப்புறம் நாமளே தேடிக் கூட்டிட்டு வந்துடலாம். யாருக்கும் தெரியவே தெரியாது."

அவள் முகத்தைத் திருப்பினாள். கரையைப் பார்த்தாள். அதிகத் தூரம் இல்லை, கூழாங்கல்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது, ரொம்ப நேரம் இருக்காது. எனக்குத்தான் அது முடியவே மாட்டேன் என்றது. பிறகு காற்றில் இருந்த காலை எடுத்து மறுபடி படியில் வைத்தாள். என்னைத் தாண்டி மேலே ஏறி இனெஸ் முன்னால் போய் நின்றாள்.

"நாப்பத்தேழு இன்னும் கரையில இருக்காரும்மா. வில்லையத் திருப்புனது நான்தான்."

"முகம் பாத்தியா?" என்றாள் இனெஸ்.

"பாக்கல."

இனெஸ் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. ரேடியோவை எடுத்தாள். எங்களை விலகச் சொல்லிவிட்டு, மருத்துவரையும் இரண்டு மாலுமிகளையும் ஏற்றிக்கொண்டு படகு சீறிப் போயிற்று. நாங்கள் பன்னிரண்டு பேரும் பூட்ஸைக் கழற்றினோம். முதல் பருவத்துப் பெண் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். டெல்ஃபா அவள் முதுகைத் தடவி, "அடுத்த பருவம் உனக்கு இருக்குல்ல" என்றாள்.

முப்பத்தைந்து நிமிஷம். இரண்டே முக்காலுக்கே காற்று வந்துவிட்டது. டெல்ஃபா ஏணிப்படி வாசலிலிருந்து நகரவில்லை. கோட்டையும் கழற்றவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன்.

"நீ எனக்காகத்தான் சொன்ன. எனக்கும் அதே ஆசைதான் வந்துச்சு. அதான் பயந்துட்டேன்" என்றாள், கடலைப் பார்த்துக்கொண்டே.

கடைசியில் ரேடியோ கரகரத்தது. கிடைத்துவிட்டார். கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, பாறை மேட்டுக்குப் பின்னால், கால் பிசகிப் பனிக்குழியில் உட்கார்ந்திருந்தாராம். உடம்பு விறைக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் பேச்சே வேறு என்று பிறகு மருத்துவர் சொன்னார். பத்து நிமிஷம்! நாங்கள் இறங்கி, வழுக்கி, படம் எடுத்து, பெங்குவினைப் பார்த்துச் சிரித்து, அதற்கப்புறம் தேடியிருந்தால் பத்து நிமிஷமா ஆகியிருக்கும்? அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

காப்டன் கரையை மூடச் சொல்லிவிட்டார். வழிகாட்டிகளும் வந்துவிட்டார்கள். லேனரைத் தூக்கிவந்து வாசல் பெஞ்சில் உட்கார வைத்துப் போர்வை போர்த்தினார்கள். டெல்ஃபா சுடுநீர்ப் பையை அவர் மடியில் வைத்து, தேநீரைக் கையில் பிடித்துக் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் உதட்டுக்கு நிறம் வந்தது. கண் முதலில் போனது அந்தக் கோட்டின் மேல்தான்.

"மன்னிச்சுக்கம்மா. நாப்பது வருஷத்துல ஒரு நாள் லேட்டாப் போனதில்ல. இன்னிக்குத்தான் நிக்கணும்னு தோணுச்சு. இந்தக் கோட்டு இறங்கறதப் பாக்கணும்னு நின்னேன். படகு நல்லாத் தெரியும்னு மேட்டுல ஏறினேன்." மூச்சு வாங்கினார். "இறங்கினாளா?"

டெல்ஃபா தலையை ஆட்டினாள். "இல்ல சார். இறங்கல."

அவர் தேநீரைக் கீழே வைத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதார். இனெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரேடியோவில் இல்லாத பித்தானை எல்லாம் அழுத்தினாள்.

நடுவே ஜுன்ரே தண்ணீர்க் குழாயோடு வந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. கரையிலிருந்து ஒரு கூழாங்கல், ஓர் இறகு, ஒரு துளி மண் கப்பலுக்குள் வரக்கூடாது, இங்கிருந்து ஒன்றும் அங்கே போகக்கூடாது. பூட்ஸை அகலத் தட்டில் வைத்துத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கடலுக்கே திருப்பிவிட வேண்டும். லேனரின் பூட்ஸைக் கழற்றித் தட்டில் கவிழ்த்து உதறினான். முழங்கால்வரை குழிக்குள் இருந்த மனிதர். பனியும் சேறும் பெங்குவின் எச்சமும் கலந்து, வெளிறிய செம்மண் நிறத்தில் தொப்பென்று ஒரு குவியல் விழுந்தது. குழாயைத் திருகப் போனான்.

"ஜுன்ரே, ஒரு நிமிஷம் நில்லுடா" என்றாள் டெல்ஃபா.

குனிந்து வலது காலணியைக் கழற்றினாள். சாக்ஸையும் கழற்றி மடித்து, மடித்ததைக் காலணிக்குள் வைத்தாள். அந்த நேரத்திலும் மடித்துத்தான் வைத்தாள். முட்டி ஒத்துழைக்காமல் தடுமாறியபோது லேனர் பெஞ்சில் இருந்தபடியே அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். ஜுன்ரே இனெஸைப் பார்த்தான். சட்டப்படி அவள் தடுத்திருக்க வேண்டும். அவள் மணியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், தட்டை மட்டும் பார்க்கவில்லை.

டெல்ஃபா வெறுங்காலைத் தட்டில் வைத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக அமிழ்ந்தன. முழு எடையையும் அந்தக் காலில் போட்டு நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். கப்பல் திரும்ப ஆரம்பித்திருந்தது, பின்னால் கரை நகர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜுன்ரேதான் குழாயைப் பிடித்தபடி கேட்டான், "எப்படி இருக்கு மனாங்?"

அவள் கண்ணைத் திறந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"மெத்துனு இருக்குடா. நாறுது" என்றாள். பிறகு என்னைத் தேடித் திரும்பினாள். "தோதோ, பதிமூணு வருஷமா புள்ளைங்ககிட்ட கெட்டியா இருக்கும்னு சொல்லிட்டேனே!"